உள்ளே ஆள் இருக்கும்போது

"ஏம்மா, நீச்சல் தெரியாதா அவனுக்கு?"

துக்கம் விசாரிக்க வந்த எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து வந்த சித்தப்பா வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கேட்டார். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் எங்கள் மெடிக்கல் ஷாப்பில் இருமல் மருந்து வாங்க வந்தவர்கள்கூட மருந்தை மறந்துவிட்டுக் கேட்டார்கள். தெரியும், தெரியும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. என் தம்பி தினகரன் அளவுக்குத் தண்ணீரில் பழகியவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் இல்லை. அதனால்தான் போனான் என்று சொன்னால் யாருக்கும் விளங்குவதில்லை. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல என்னால் ஆகாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

தாய்லாந்துப் பக்கம் ஒரு தீவு. பெயரை எழுத மனசில்லை. போக நினைப்பவர்கள் போகட்டும், தீவின்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. எங்கே விமானம் மாறினோம், எப்படி டிக்கெட் எடுத்தோம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

போனவர்கள் ஐந்து பேர். ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த தினகரன், அவன் மனைவி ரேவதி, அவனோடு வேலை பார்க்கும் பிரவீண், எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரன் கஜேந்திரன், நான். பிரவீண்தான் ஆரம்பித்து வைத்தவன். ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் போகிற வீடியோக்களைத் தினாவுக்குக் காட்டியிருக்கிறான். ஃப்ரீ டைவிங் என்று பெயராம். தினா பொங்கலுக்கு வந்தபோது அதை என்னிடம் காட்டிச் சிரித்தான். "இன்னாக்கா இது, நாம கெணத்துல பண்ணதுதான? இதுக்குப் போய் கிளாஸ் வெச்சிக்கிறானுங்க!"

அந்தக் கிணற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் நிலம் ஒடுகத்தூரிலிருந்து மலையடிக்குப் போகும் வழியில் இருக்கிறது. சவ்வாது மலையில் ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் பெய்தால் கிணறு பாதிக்கு மேல் நிறைந்து நிற்கும். கல் கட்டிய சதுரக் கிணறு, தண்ணீருக்குள்ளும் படி இறங்கும். அதில் நீந்திய பிள்ளைகளுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. அடியைத் தொட்டேன் என்று வாயால் சொன்னால் செல்லாது, ஒரு பிடி சேறு எடுத்துவந்து படிக்கல்லில் அப்ப வேண்டும். இன்னொன்று, உள்ளே ஆள் இருக்கும்போது வேறு யாரும் இறங்கக் கூடாது. அடியிலிருந்து வேகமாக வருகிறவன் தலைமேல் இன்னொருவன் குதித்தால் மண்டை உடையும், கழுத்து முறியும். பக்கத்து ஊரில் ஒருவன் அப்படித்தான் படுக்கையில் விழுந்தான். "உள்ள ஆளு கீறான்" என்று ஒரு குரல் வந்தால் போதும், நீந்திக்கொண்டிருப்பவனும் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுவான். தினா, கஜா, நான் மூவரும் அங்கேதான் கிடந்தோம். வயசுக்கு வந்த பிறகு என்னை மட்டும் இறங்க விடவில்லை. அதற்குப் பிறகு கிணற்றடியில் துணி துவைத்ததோடு சரி.

"அக்காவ மறுபடி தண்ணியில எறக்கிக் காட்டறேன் பாரு," என்று தினா கஜாவிடம் பந்தயம் போல் சொன்னான். நான் பயணத்துக்குச் சம்மதித்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். என் கணவர் பிள்ளைகளின் பரீட்சையையும் கடையையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

முதல் நாள் முழுவதும் வாந்தியிலேயே போயிற்று. தீவுக்குப் போகும் படகு அலையில் எகிறி எகிறி விழுந்தது. ரேவதி என் மடியிலேயே சாய்ந்துவிட்டாள். படகுக்காரர் பிளாஸ்டிக் பையை எங்களுக்கு நீட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தார். அந்த வாசனைக்கு மிச்சம் இருந்ததும் வந்துவிட்டது.

கரையிலிருந்து தங்கும் இடத்துக்குப் பின்பக்கம் பெஞ்சு போட்ட ஒரு வண்டி. எங்கள் மலையில் நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறும் ஷேர் ஜீப்பும் அதுவும் ஒன்றுதான், இடித்துக்கொண்டு உட்காருவதில்கூட. மேட்டில் டயர் பஞ்சர் ஆனது. எல்லோரும் இறங்கினோம். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் முணுமுணுத்துக்கொண்டு ஓரமாக நின்றார். தினாவும் கஜாவும் யாரும் கேட்காமலே கல்லைப் பொறுக்கிவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். டிரைவர் ஏதோ சொன்னார். பிரவீண் அவரிடம் கைபேசியில் மொழிபெயர்த்து வாங்கிச் சொன்னான்: "நீங்களும் மலைக்காரங்களான்னு கேக்கறாரு." தினா கையைத் தட்டிவிட்டுக்கொண்டே, "மலை அடிவாரம்னு சொல்லு," என்றான்.

சாப்பாட்டில்தான் ஊர் நினைவு அதிகம் வந்தது. ஒட்டும் அரிசிச் சோற்றைச் சின்னக் கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். கையால் பிட்டு உருட்டித்தான் சாப்பிட வேண்டும். கஜா அதைக் களி உருண்டையாக உருட்டிக் குழி பண்ணி, மீன் குழம்பைத் தேடினான். வந்தது பச்சைப் பப்பாளியில் மிளகாய் இடித்துப் போட்ட ஒரு கலவை. கண்ணில் தண்ணீர் வர வர அதையே இரண்டு தட்டு தின்றான். ரேவதி கொண்டுவந்திருந்த பருப்புப்பொடியைப் பிரவீண் ஒளித்து வைத்துக்கொண்டான். தங்கும் இடத்து வாசலில் கம்பத்தின்மேல் பொம்மை வீடு போல ஒரு சாமி வீடு இருந்தது. அதற்குச் சிவப்புச் சோடாவை உடைத்து ஸ்ட்ரா போட்டு வைத்திருந்தார்கள். "நம்ம ஆத்தாவுக்குக் கூழு, இவங்க சாமிக்குக் கலரு," என்றான் கஜா. நாங்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்து வீட்டுக்கார அம்மா ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தாள்.

மறுநாள் வகுப்பு. சொல்லிக் கொடுத்தவள் பெயர் நோக். என் தோள் உயரம்தான் இருப்பாள். வெயிலில் கருத்த முகம், சிரிக்கும்போதுகூடக் கண் சிரிக்காது. நானும் ரேவதியும் ஆழத்துக்குப் போகப் போவதில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். அவள் ஆங்கிலத்தில் சொல்வதைப் பிரவீண் தமிழில் சொன்னான்.

வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு உள்ளே போகக் கூடாது என்றாள். அப்படிச் செய்தால் மூச்சு முட்டுவதே உடம்புக்குத் தெரியாமல் போய், மயக்கம் சொல்லாமல் வருமாம். தினா கஜாவைப் பார்த்தான். கிணற்றில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் தம் கட்டுவோம். பிறகு அவள் கயிற்றைக் காட்டி நிறைய நேரம் பேசினாள்.

"ஒருத்தர் கீழ போனா, மேல இருக்கறவரு முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு அவரையே பாத்துட்டு இருக்கணும்," என்றான் பிரவீண். "திரும்பி வர்றப்போ பாதி வழி உள்ள போய் அவரோட சேந்து மேல வரணும். ஏன்னா, மயக்கம் வர்றது கீழ இல்லையாம். மேல வந்து சேர்ற நேரத்துலதான் வருமாம்."

கஜா வாய்விட்டுச் சிரித்தான். "எங்க ஊர்ல இந்த மாரி உள்ள போனா மண்ட ரெண்டா பூடும்னு சொல்லுப்பா அந்தப் பொண்ணு கிட்ட!"

பிரவீண் அதைச் சொல்லவில்லை. நோக் சிரிக்கிறவர்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

அன்று சாயங்காலம் கரையோரத்தில் தினா என்னைத் தண்ணீரில் இறக்கினான். இடுப்பளவு தண்ணீர்தான். சுடிதார் ஊதிக்கொண்டு மேலே வந்தது. கண்ணாடியை மாட்டிவிட்டு, "குப்புறப் படுக்கா, நான் புடிச்சிக்கிறேன்," என்றான். வயிற்றுக்கு அடியில் அவன் கை இருந்தது. முகத்தை உள்ளே வைத்தேன். என் கால் நகம்வரை தெரிந்தது. மஞ்சள் கோடு போட்ட மீன் ஒன்று அவன் கணுக்காலைச் சுற்றியது. எங்கள் கிணற்றில் கண்ணைத் திறந்தால் பச்சை, அப்புறம் கறுப்பு, அவ்வளவுதான். எழுந்து பார்த்தால் தினா தள்ளி நின்று கை கட்டிக்கொண்டிருந்தான். எப்போது கையை எடுத்தான் என்றே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷம் என்னைக் கரையில் உட்கார வைத்தவர்கள்மேல் அன்றைக்குத்தான் நிஜமாகக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் படகில் கடலுக்குள் போனோம். மிதவை ஒன்றைப் போட்டு அதிலிருந்து கயிற்றைக் கீழே விட்டாள் நோக். தண்ணீர் அவ்வளவு தெளிவு, படகிலிருந்தே அடி மங்கலாகத் தெரிந்தது. கயிற்றில் சிவப்புத் துணி கட்டிய இடம்வரைதான் போக வேண்டும், அடிவரை போகக் கூடாது என்று சொல்லியிருந்தாள். ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். தினா போகும்போதெல்லாம் அவளே பாதி வழி போய்க் கூட்டிவந்தாள். அவன் மேலே வந்ததும் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். ரேவதி ஃபோட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள்.

பிரவீண் மேலே வந்தபோது மூக்கில் ரத்தம். கண்ணாடிக்குள் சிவப்பாகத் தேங்கியிருந்தது. பயந்துபோய்க் கையைக் காலை உதறினான். நோக் அவனை அணைத்துப் பிடித்துப் படகின் பின்பக்கம் கொண்டுவந்தாள். போகும்போது தினாவையும் கஜாவையும் பார்த்து, மிதவையைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் போகக் கூடாது என்று கையை விரித்துச் சைகை காட்டினாள். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். படகில் இருந்த நானும் ரேவதியும் பிரவீணைத் தூக்கிப் போடக் கை கொடுத்தோம்.

திரும்பிப் பார்த்தபோது தினா மிதவையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தச் சத்தம் பழக்கமானது, கிணற்றில் கேட்ட அதே சத்தம். அடி தொடப் போகிறான் என்று புரிந்தது. எனக்குப் பயம் வரவில்லை. வந்தது சந்தோஷம்தான், அதையும் எழுதத்தான் வேண்டும். தலைகீழாகத் திரும்பினான், கால் ஒருமுறை மேலே நீட்டி உள்ளே போயிற்று.

கஜா மிதவையை விட்டு விலகினான். கயிற்றிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய், வருகிறவனுக்கு வழிவிட்டு, தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்து மிதந்துகொண்டிருந்தான். கிணற்றில் சுவரோரமாக ஒதுங்குவோமே, அப்படி.

"அண்ணி, அவரு எங்க?" என்றாள் ரேவதி. அவள் திருப்பத்தூர் டவுனில் வளர்ந்தவள், கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி.

"உள்ள போயிருக்கான். கஜா ஒதுங்கிட்டான் பாரு, இப்ப வந்துருவான்."

நோக் பிரவீணின் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். மிதவையைப் பார்த்தாள். கஜாவைப் பார்த்து ஏதோ கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே விரலால் கீழே காட்டினான். அவள் படகிலிருந்து பாய்ந்தாள். கயிற்றை நோக்கி அவள் போன வேகத்தைப் பார்த்துக் கஜா குறுக்கே நீந்தி வந்து அவள் கையைப் பிடித்துவிட்டான்.

"உள்ள ஆளு கீறான்! எறங்காத! உள்ள ஆளு கீறான்!"

அவளுக்குப் புரியாத மொழியில் அவன் அதையே கத்தினான். அவள் அவன் முகத்தில் குத்தித் தன்னை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். எவ்வளவு நேரம் பிடித்திருந்தான் என்று பிறகு போலீஸ்காரர் கேட்டார். ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும்.

அவள் தினாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உதடு நீலமாக இருந்தது. படகில் போட்டு வாயில் ஊதினாள், நெஞ்சை அமுக்கினாள், ஆக்சிஜன் வைத்தாள், படகு கரைக்கு வரும்வரை நிறுத்தவே இல்லை. மருந்துக்கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் நான். எனக்குக் கிளினிக்குக்குப் போகும் முன்பே தெரிந்துவிட்டது. ரேவதி அவன் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அவன் நகக்கண்ணில் வெள்ளை மணல் இருந்தது. அடியைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

மேலே வரும்போது மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழேதான் மயங்கியிருக்கிறான் என்றாள் நோக். அங்கிருந்து திரும்ப அமிழ்ந்திருக்கிறான். கையை நீட்டினால் எட்டும் இடம். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. யாராவது ஒருவர் முகத்தை உள்ளே வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

கிளினிக் படிக்கட்டில் நோக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கன்னமும் வீங்கியிருந்தது, கஜாவின் முழங்கை பட்டிருக்க வேண்டும். அந்த ஆள் என் கையை ஏன் பிடித்தான் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கிணற்றைச் சொன்னேன். கையை விரித்து அதன் அகலம் காட்டினேன், தலைமேல் கை வைத்து மண்டை உடைவதைக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"நான் வகுப்பிலேயே சொன்னேன்," என்றாள். "இரண்டு தடவை சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

உடலைக் கொண்டுவர அலைந்த அலைச்சலை எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் வீட்டுக்கார அம்மா எங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி. நாங்கள் தொடாமல் வைத்ததை எடுத்துப் போய்விட்டுச் சூடாக வேறு கொண்டுவருவாள். விமானத்தில் கஜாவுக்கும் ரேவதிக்கும் நடுவில் நான் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தனியாக அழைத்து ஒன்றே ஒன்று கேட்டாள். "கஜா எங்க இருந்தான்?"

"மேலதாம்மா. ஒதுங்கி நின்னுனு இருந்தான்."

"அப்பறம் இன்னா? சரியாத்தான் செஞ்சிக்கிறான். உள்ள ஆளு இருக்கசொல்ல எவனாச்சும் எறங்குவானா?"

ஊரே அதைத்தான் சொன்னது. கஜாவின் தோளைத் தட்டித் தேற்றியவர்கள் எல்லோரும் அந்தக் கிணற்றிலோ அது போன்ற ஒன்றிலோ நீந்தியவர்கள். ரேவதி மட்டும் காரியத்தன்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றாள். "காப்பாத்தப் போன பொண்ணு கையப் புடிச்சி நிறுத்தினது இவருதான். இந்த வூட்டுப் படிய இவரு மிதிக்கக் கூடாது, அண்ணி." கஜா செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனான். ஊர் சொன்ன சமாதானத்தைவிட அவள் சொன்னதைத்தான் அவன் நம்பினான் என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, கடைத்தெருப் பக்கம் வருவதில்லை என்று அவன் மனைவி கடைக்கு வந்து அழுதாள். தூக்க மாத்திரை கேட்டாள். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாத்திரையின் பெயரே எனக்குப் பயமாக இருந்தது.

மாசியில் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் ஏதாவது சுற்றிக்கொண்டால் இப்படி ஆகும். மல்லாட்டைச் செடி, வேர்க்கடலைதான், காயத் தொடங்கியிருந்தது. இதற்கெல்லாம் தினாதான் லீவில் வரும்போது முங்கிப் போய் எடுத்துவிடுவான். வேறு ஆள் கிடைப்பானா என்று பார்க்க நான் காலையில் நிலத்துக்குப் போனேன். போனால் கஜா ஏற்கெனவே கிணற்றுப் படியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து நிலத்திலிருந்து செடி வாடுவதைப் பார்த்திருக்கிறான். சட்டையைக் கழற்றி வைத்திருந்தான். விலா எலும்பு தெரிந்தது.

"மோட்டாரு சுச்ச ஆஃப் பண்ட்டேன்க்கா," என்றான்.

வேகவேகமாக மூச்சு இழுக்க ஆரம்பித்தான். நாலைந்து இழுப்புக்குப் பிறகு சட்டென்று நிறுத்தினான். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாதாரணமாக ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, குழாயைப் பிடித்தபடி உள்ளே போனான்.

நான் ஒரு படி மேலே ஏறி ஓரமாக நின்றேன். கால் தானாக ஏறியது. ஏறி நின்ற பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. செருப்பை உதறினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் இறங்கினேன், முழங்கால், இடுப்பு, கழுத்து. முகத்தை உள்ளே வைத்துக் கண்ணைத் திறந்தேன். பச்சை, அதற்குக் கீழே கறுப்பு. என் கையே எனக்குத் தெரியவில்லை. குழாயைப் பிடித்தேன். அடியில் அவன் வேலை செய்வது குழாயில் அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

நான் மூச்சை எடுத்துக்கொண்டு குழாயோடு கீழே போனேன்.

அவன் தலை வந்து என் வாயில் மோதியது. பல் உதட்டில் இறங்கியது. இருவரும் இருமிக்கொண்டே மேலே வந்து படியைப் பிடித்தோம். அவன் கையில் சாக்குக் கயிறும் சேறுமாக இருந்தது. என் ரத்தம் தண்ணீரில் சொட்டுவதைப் பார்த்ததும் அவனுக்கு வெறி வந்துவிட்டது.

"உனுக்கு அறிவு கீதாக்கா? உள்ள ஆளு கீறான்னு தெரியாதா?"

கத்தியது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. அதைக் கேட்டதும் கையிலிருந்த சேற்றோடு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

நான் அவன் முடியைப் பிடித்துக்கொண்டேன், மறுபடி தண்ணீருக்குள் போய்விடாதபடி.

"தெரியும்டா," என்றேன். "அதான் எறங்கனேன்."